அயலார் அலுவலகத்தின் முதல் மனுதாரர்

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியில், அயலார் பணியமைப்பு ஒழுங்குமுறைக் கிளை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. நம் பக்கத்தில் வேலை பார்க்க விரும்பும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அதன் கடமை. திறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர்கூட அந்தப் படியில் ஏறவில்லை. ஆகையால் அலுவலகம் மிகச் சீராக நடந்துவந்தது.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால்தான் அந்த வேலையின் அருமை புரியும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு ஓர் இன்மை அறிக்கை போக வேண்டும். அதில் பதினான்கு கட்டங்கள். எத்தனை அயலார் வந்தார்கள், எந்த நாட்டார், எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேருக்கு மறுப்பு என்று போகும். பதினான்கிலும் ‘இல்லை’ என்று தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று பிரதிகள். தட்டச்சர் அடித்ததும் தலைமை எழுத்தர் பெத்துராஜ் ஒவ்வொரு ‘இல்லை’க்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சரி போடுவார். ஆக நாற்பத்திரண்டு சரி. பிறகு தனி அலுவலர் கோமதிசங்கர் கையெழுத்துப் போடுவார். 1979இல் ஒரு மாதம் ஒன்பதாவது கட்டத்தில் ‘இல்லை’ விட்டுப்போயிற்று. வெற்றிடம் இருந்தால் அயலார் இருக்கிறார் என்று பொருள்கொள்ளலாமா என்று மெட்ராஸிலிருந்து கேள்வி வந்தது. ஐந்து மாதம் கடிதம் போய்வந்து, தட்டச்சரின் ஊதிய உயர்வை நிறுத்திவைத்த பிறகுதான் அந்த அயலார் வெளியேறினார்.

கோமதிசங்கரின் நாற்காலிக்கு மேலே சட்டம் போட்ட பாராட்டிதழ் ஒன்று தொங்கியது. வட்டத்தில் அனுமதியற்ற அயலார் வேலைவாய்ப்பை அறவே ஒழித்தமைக்காக அது வழங்கப்பட்டிருந்தது.

1982 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு, உச்சிமாகாளி என்பவர் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியில் ஏறினார்.

உச்சிமாகாளிக்கு ராஜபாளையம் ரோட்டில் ஆயில் எஞ்சின் பட்டறை. நாற்பத்தைந்து வயது. அரசாங்க அலுவலகம் என்றால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்று நம்புகிறவர். கூட வந்தவர் பெக்கா. பின்லாந்து தேசம். 1974 வறட்சியின்போது குருவிகுளம் பக்கத்துக் கிணறுகளில் துளை போட வந்த ஒரு நிவாரணத் திட்டத்தில் இயந்திரம் ஓட்ட வந்தவர். எட்டு வருடம் கரிசல் காட்டில் கம்ப்ரசர் ஆட்களோடு கஞ்சி குடித்து வளர்ந்த தமிழ் அவருடையது. ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குருவிகுளத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி என்பார்கள். இங்கிலீஷ் மட்டும் வராது. அவருடைய நாட்டில் வேறு பாஷை. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது நாற்பது வார்த்தை. அதில் முப்பது எஞ்சின் சாமான்களின் பெயர். அந்த முப்பதும் உச்சிமாகாளிக்கும் தெரியும்.

இத்தனை வருடமும் திட்டத்தின் அனுமதியிலேயே இருந்தார்; அந்தத் திட்டம் போன டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஜூலை 31க்குள் ஒரு வேலை உத்தரவைக் காட்டாவிட்டால் பெக்கா நாட்டைவிட்டுப் போக வேண்டும். அவருடைய மனைவி ஞானசெல்வி ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மாதம். ஆவணியில் பேறுகாலம்.

உச்சிமாகாளிக்கு இவர் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கு இறுக்கு என்று இறுக்கினால் அது தானாகவே கொதிக்கும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பனிமாதிரித் தூவினால் பற்றிக்கொள்ளும். தூவுகிற மூக்குக்கு நாசில் என்று பெயர். அதன் துளை முடியளவுதான் இருக்கும். நாசில் தூவாமல் ஒழுக ஆரம்பித்தால் எஞ்சின் கறுப்பாகப் புகைவிடும், டீசலைக் குடிக்கும், கிணற்றில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு ஏறாது. முன்பெல்லாம் ஒழுகும் நாசிலைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டுப் பதினைந்து நாள் காத்திருப்பார்கள். அதற்குள் மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப்போட்டுவிடும். பெக்கா வந்த பிறகு அரை மணி நேர வேலை. காதை வைத்துக் கேட்டே எத்தனை திருகு திருக வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் சொல்லத்தான் உச்சிமாகாளி வந்தார். ஆனால் கோமதிசங்கர் வெள்ளைக்காரரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெத்துராஜ் கதவைச் சாத்தினார்.

“சார்,” என்றார் பெத்துராஜ் மெதுவாக, “இந்த மாசம் ஒண்ணாம் கட்டத்துல என்ன போட?”

“பொறும் வே. இன்னும் மனு குடுக்கல. மனு குடுக்காத வரைக்கும் அவரு வரல.”

பிறகு கோமதிசங்கர் பெக்காவிடம் இங்கிலீஷில் இரண்டு நிமிடம் பேசினார். வரவேற்பும் விதிகளும் கலந்த பேச்சு அது. பெக்கா மரியாதையாகக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“அண்ணாச்சி, சார் என்ன சொல்லுதாரு?”

கோமதிசங்கரும் உச்சிமாகாளியைப் பார்த்தார். “அவர் என்ன சொல்லுதாரு?”

“நீங்க என்ன சொல்லுதீயன்னு கேக்காரு சார்.”

“அதை ஏன் அவர் நேரா என்கிட்ட கேக்கல?”

“நேராத்தான் சார் கேட்டாரு. தமிழ்ல.”

வெள்ளைக்காரர் வாயிலிருந்து தமிழ் வருவதற்கு விதிகளில் இடம் இருக்கிறதா என்று கோமதிசங்கருக்குத் தெரியவில்லை. அதனால் அதைக் கேட்காததாகவே வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்தார். ஆறாவது கேள்வி, உத்தேசிக்கும் பணி. அதற்குக் கீழே இரண்டே கட்டம். ஒன்று, மொழி கற்பித்தல். இன்னொன்று, இதர.

உச்சிமாகாளி ‘இதர’வில் விரலை வைத்தார். “இதுதான் சார். எஞ்சின் மெக்கானிக்.”

“கைய எடும்,” என்றார் கோமதிசங்கர். “இதரன்னா என்னென்னங்கிற பட்டியல் மெட்ராஸ்லருந்து வரணும். எட்டு வருஷமா வரல. வந்தாலும் விதி பதினொண்ணு இருக்கு. மொழி கற்பிக்கத் தகுதியற்றவர்னு சான்று வாங்கினவரைத்தான் இதரவுல பரிசீலிக்கலாம்.”

“அது எதுக்கு சார்?”

கோமதிசங்கருக்குக் கேள்வி பிடித்திருந்தது. எட்டு வருடமாக யாரும் அவரிடம் எதையும் விளக்கக் கேட்டதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நல்லாக் கேட்டுக்கிடும். அயலாரை நாம எதுக்கு உள்ள விடுதோம்? நமக்குத் தெரியாததை அவங்ககிட்டத் தெரிஞ்சுக்கிட. நமக்குத் தெரியாதது என்ன? இங்கிலீஷ். மத்த எல்லாம் நமக்குத் தெரியும். எரநூறு வருஷம் வெள்ளைக்காரன் இங்கன இருந்தான். என்ன குடுத்துட்டுப் போனான்? இங்கிலீஷ். அதுவும் முழுசாக் குடுக்கல. மிச்சத்தை இவரு குடுத்துட்டுப் போகணும். அதை விட்டுட்டு எஞ்சினைக் கழட்ட வாரேன்னா, நாட்டுக்கு நட்டம்லா?”

“இவரு இங்கிலீஷ்காரர் இல்ல சார். அங்கன வேற பாஷை.”

“எல்லா வெள்ளைக்காரனும் அப்படித்தான் அடக்கமாச் சொல்லுவான்.”

படியிறங்கும்போது உச்சிமாகாளிக்கு மனம் லேசாகவே இருந்தது. இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு காகிதம் வாங்க வேண்டும், அவ்வளவுதானே.

“நீரு தோக்கணும் வே. அது ஒண்ணுதான் வேலை.”

“தோக்குததுக்கு நான் படிக்கக்கூட வேண்டாம் அண்ணாச்சி,” என்றார் பெக்கா.

ஏப்ரல் இரண்டாம் வாரம் வாய்மொழித் தேர்வு. மூன்று பேர் குழு. கோமதிசங்கர், பெத்துராஜ், அவர்களோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மருதப்பன். மருதப்பன் நாற்பது வருடம் இங்கிலீஷ் நடத்தியவர். அன்றைக்காகக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சங்கரன்கோவிலைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசுமாறு மருதப்பன் இங்கிலீஷில் கேட்டார். பெக்கா பேசாமல் இருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. உச்சிமாகாளி கதவோரம் நின்று, பேச வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையாக இராதோ என்று நினைத்த பெக்கா, தெரிந்ததைச் சொன்னார்.

“நாசில். வால்வ். பம்ப்.”

கடைசி வார்த்தையைத் தம் நாட்டு வழக்கப்படி ‘பும்ப்பு’ என்றே சொன்னார்.

மருதப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோமதிசங்கர், கேட்டீரா? ஊருல தண்ணி இல்ல, கிணத்தை நம்பித்தான் பொழைப்பு. மூணே வார்த்தையில சொல்லிட்டாரு. நாமதான் வேண்டாத வார்த்தையா அள்ளிப் போட்டு ரொப்புதோம்.” பிறகு பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். “பும்ப்பு. நாப்பது வருஷமா நான் தப்பாச் சொல்லிக்குடுத்திருக்கேன். எத்தன பேரு அதை வச்சு உத்தியோகத்துக்குப் போயிருக்கானோ.”

இரண்டாவது கேள்விக்குப் பெக்கா நான்கு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அநாவசியமாகப் பேசாததுதான் அந்த இனத்தின் குணம் என்று பெத்துராஜ் குறிப்பெழுதினார். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கத் துணியவில்லை. நூற்றுக்கு நூறு. மொழி கற்பிக்க முழுத் தகுதி பெற்றவர் என்று அன்றைக்கே சான்றிதழ் தயாராயிற்று.

சரி, விதி இப்படி என்றால் வாத்தியாராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று உச்சிமாகாளி இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டிலும் பட்டம் எங்கே என்று கேட்டார்கள். பெக்கா எட்டாம் வகுப்போடு இயந்திரத்துக்குப் போனவர். உச்சிமாகாளி மறுபடி மாடிக்கு வந்தார்.

“தகுதின்னு நீங்க எழுதிட்டிய. எவனும் வேலை தரமாட்டேங்கானே சார்.”

“தகுதி எங்க வேலை,” என்றார் கோமதிசங்கர். “வேலை எங்க வேலை இல்ல.”

“அப்ப பட்டறையிலயாவது...”

“தகுதியுள்ளவர் இதரவுல இறங்கக் கூடாது. குற்றம்.”

அன்று சாயங்காலம் ஞானசெல்வி பணி முடிந்து வந்து இதைக் கேட்டாள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு சீட்டு வாசிக்கத் தெரியாதேன்னு ஆஸ்பத்திரியில எல்லா மருந்துச் சீட்டையும் நான்தான வாசிச்சுச் சொல்லுதேன். ஒண்ணு செய்யட்டா? என்னையக் கூட்டிட்டுப் போங்க. சாட்சி சொல்லுதேன், இந்த மனுசனுக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு.”

மறுநாள் அவள் போய்ச் சொல்லவும் செய்தாள். மனைவியின் கருத்து படிவத்தில் கேட்கப்படவில்லை என்று பதில் கிடைத்தது.

உச்சிமாகாளி மேல்முறையீடு போட்டார். பெக்கா எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், பேப்பரில் பெயர் இருக்கக் கூடாது, எண்தான் இருக்க வேண்டும் என்று கேட்டார். இப்படிக் கேட்கலாம் என்று விதியிலேயே இருந்தது. விதியை எழுதியவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒரே ஆள் எழுதினால் எண் போட்டும் பயனில்லை என்பதால், ஒப்புக்குப் பெத்துராஜும் தட்டச்சரும் கூட உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. மே மாதம் கடைசியில் மருதப்பன் மூன்று பேப்பரையும் திருத்தினார். தட்டச்சர் அறுபத்தொன்று. பெத்துராஜ் முப்பத்தெட்டு. எழுபத்துமூன்றாம் எண் நான்கு. அந்த நான்கும் பேப்பரின் ஓரத்தில் அளவுகோல் இல்லாமலே அத்தனை நேராகக் கோடு போட்டிருந்ததற்காக.

உறையைப் பிரித்துப் பெயரைப் பார்த்தார்கள். மறுநாளே மருதப்பனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் வழங்கியது எப்படி என்று கேட்டிருந்தார்கள். மருதப்பன் எழுதிய பதில் இப்போதும் அந்தக் கோப்பில் இருக்கும். ‘பேப்பரில் பெயர் இல்லாதபடியால் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதை வேறு விதமாக வாசித்திருப்பேன். மறுபடி அனுப்பினால் சரியாக வாசிக்கச் சித்தமாயிருக்கிறேன்.’

மறுபடி அனுப்பினார்கள். தொண்ணூற்றெட்டு. கையெழுத்துக்காக இரண்டு குறைத்திருந்தார். அதோடு நிற்காமல், இதுவே சரியான இங்கிலீஷ் என்றால் மற்ற இருவரும் எழுதியது தவறாக வேண்டும் என்ற நியாயத்தில், தட்டச்சருக்கு ஒன்பதும் பெத்துராஜுக்கு நான்கும் போட்டு அனுப்பினார்.

இது தெரிந்தபோது பெக்கா ஒரு நாசிலின் ஊசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் அவர் கைவைப்பது குற்றம் என்பதால் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தேய்த்தார்.

“அண்ணாச்சி, எங்க ஊருல பள்ளிக்கூடத்துல எனக்குப் பத்துக்கு மேல வாங்கத் தெரியாது. இங்கன என்ன செஞ்சாலும் நூறு போடுதான். நான் என்னதான் செய்ய?”

ஜூன் பிறந்துவிட்டது.

நான்கு, தொண்ணூற்றெட்டு என்று ஒரே பேப்பருக்கு இரண்டு மதிப்பெண் போனதில் மெட்ராஸ் குழம்பியது. குழம்பினால் உத்தரவு போடுவது அங்கே வழக்கம். மனுதாரர் ஆறு வாரம் கிளை அலுவலகக் கூடத்தில் பொதுமக்களுக்கு மாதிரி இங்கிலீஷ் வகுப்பு நடத்த வேண்டும். முடிவில் இணை இயக்குநர் நேரில் வந்து மாணவர்களைச் சோதிப்பார். மாணவர்கள் தேறினால் ஆசிரியர் தகுதியுள்ளவர். தேறாவிட்டால் தகுதியற்றவர்.

உச்சிமாகாளி அந்த உத்தரவைப் பெத்துராஜைக் கொண்டு மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். வாசிக்க வாசிக்க அவர் முகம் தெளிந்தது. அன்றைக்கே குருவிகுளம், வாசுதேவநல்லூர் பஸ்களில் ஆள்மூலம் சொல்லியனுப்பினார். நாசில் ஒழுகுகிறவர்கள் இங்கிலீஷ் படிக்க வரலாம்.

முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் துண்டில் சுற்றிய நாசில். இரண்டாம் வாரம் எழுபது. நான்காம் வாரம் நூற்றுப்பன்னிரண்டு. பெக்கா கரும்பலகையில் சிலிண்டரைக் கோடுபோட்டு வரைந்து, காற்று எப்படி இறுகும், டீசல் எந்த நேரத்தில் நுழைய வேண்டும், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தினால் என்ன ஆகும் என்று தமிழில் விளக்கினார். பிறகு மேசைமேல் சோதனைப் பம்ப்பை வைத்து ஒவ்வொரு நாசிலாக அழுத்திக் காட்டுவார். சரியானது புஸ்ஸென்று பனியாகத் தூவும். கெட்டது சொட்டும். சொட்டுவதைக் கழற்றித் திருத்தி மாட்டுவார். மாடி முழுக்க டீசல் வாடை. பதினான்கு கட்ட அறிக்கையின் முதல் பிரதியிலும் அந்த வாடை மெட்ராஸுக்குப் போயிற்று.

குருவிகுளத்துச் சங்கரபாண்டி என்ற சம்சாரி தம் நாசில் சரியாகிப் பத்து நாள் கழித்தும் வந்துகொண்டிருந்தார்.

“ஒம்ம எஞ்சின்தான் ஓடுதே, பெறகு என்ன வே?” என்று உச்சிமாகாளி கேட்டார்.

“ஓடுது. ஏன் ஓடுதுன்னு இப்பத்தான் தெரியுது. முப்பது வருஷமாச் சுத்திவிடுதேன், எவனும் சொல்லல.”

கோமதிசங்கர் தினமும் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். நூறு தலைகள் அசையாமல் கரும்பலகையைப் பார்த்தன. அலுவலகத்தின் வாழ்நாளில் பொதுமக்கள் அங்கே எதற்கும் இத்தனை ஆர்வம் காட்டியதில்லை. ‘மொழி வகுப்பு எதிர்பார்ப்புக்கு மேல் வெற்றி’ என்று மெட்ராஸுக்கு எழுதினார்.

ஜூலை 26. இணை இயக்குநர் பார்வதியம்மாள் மெட்ராஸிலிருந்து வந்தார். பட்டுப்புடவை, கைக்கடிகாரம், கூட ஒரு சுருக்கெழுத்தர். கூடத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெக்கா சுவரோரம் நின்றார். பார்வதியம்மாள் அவரைப் பார்த்து இங்கிலீஷில் நலம் விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்தார். பிறகு முன்வரிசையில் இருந்த சங்கரபாண்டியிடம் திரும்பி இங்கிலீஷில் பெயரும் ஊரும் கேட்டார்.

சங்கரபாண்டி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “அம்மா, நீங்க கேக்கது புரியல. ஆனா நாசில் ஒழுகினா என்ன செய்யணும்னு கேளுங்க, சொல்லுதேன்.”

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் தம் எஞ்சின் இப்போது அரை லிட்டர் குறைவாகக் குடிப்பதாகச் சொன்னார். நான்காவது ஆளோடு பார்வதியம்மாள் நிறுத்திக்கொண்டார். மீதி நூற்றெட்டுப் பேரை அவர் கேட்கவே இல்லை. ஒரு வெள்ளைக்காரரைத் தோற்கடிக்க நான்கு மாதமாக யாருக்கும் மனம் வரவில்லை. நூற்றுப்பன்னிரண்டு சம்சாரிகளைத் தோற்கடிக்க அந்த அம்மாளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உச்சிமாகாளி கும்பிட்டார். “அப்ப, வாத்தியார் தகுதி இல்லன்னு எழுதிரலாமா அம்மா?”

“வாத்தியார் என்ன செய்வார்?” என்றார் பார்வதியம்மாள். “பாவம், ஆறு வாரம் கத்தியிருக்கார். குறை கேட்டவங்ககிட்ட. இந்த ஊர் ஜனங்களுக்கு இயற்கையிலேயே இங்கிலீஷ் ஏறாது. நான் பார்த்த வரைக்கும் இவ்வளவு மந்தமான வட்டம் வேற இல்ல. ஆசிரியர் தகுதியுள்ளவர்தான். எழுதிக்கோங்க.”

சுருக்கெழுத்தர் பென்சிலை எடுத்தார். இன்னும் ஐந்து நாள்தான். அதற்குப் பிறகு ஞானசெல்வி இங்கே, பெக்கா கப்பலிலோ விமானத்திலோ. உச்சிமாகாளி தம் வாழ்க்கையில் அரசாங்க அதிகாரி ஒருவரின் பேச்சுக்கு நடுவே பேசியது அதுதான் முதல் தடவை.

“ஒரு நிமிசம் அம்மா. எங்களுக்கு ஏறாதுங்கிய. ஒத்துக்கிடுதேன். நாங்க மந்தம்தான். ஏறாத சனத்துக்குச் சொல்லிக்குடுக்க இவரு தகுதியா இருந்து என்ன செய்ய? இந்த வட்டத்துல இவரு யாருக்குச் சொல்லிக்குடுப்பாரு?”

பார்வதியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். பிற்பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும். வெள்ளைக்காரரைக் குறை சொல்லாமல் கோப்பை முடிக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது.

அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தர் எழுதினார். ‘மனுதாரர் இவ்வட்டத்து மக்களுக்கு மொழி கற்பிக்கத் தகுதியற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது. இதற்கு இவ்வட்டத்து மக்களே காரணம்.’

உச்சிமாகாளி அதைக் கூடத்தில் இருந்தவர்களுக்குச் சத்தமாகச் சொன்னார். யாருக்காவது மனவருத்தம் உண்டா என்றும் கேட்டார்.

“எழுதட்டும் வே,” என்றார் சங்கரபாண்டி. “அவங்க எழுதினா நம்ம எஞ்சினா நிக்கப்போவுது?”

மிச்சம் இருந்தது இதரப் பட்டியல். அது எட்டு வருடமாக ஏன் வரவில்லை என்று கோமதிசங்கர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நீங்க கேட்டாத்தானே அனுப்புவோம்?” என்றார் பார்வதியம்மாள். “மாசாமாசம் இல்லை இல்லைன்னு எழுதுறீங்க. தேவையில்லைன்னு நினைச்சோம். அது அங்கே என் அலமாரியிலதான் இருக்கு. காலித் தாள். நீங்க என்ன கேக்குறீங்களோ அதை எழுதி அனுப்பலாம்னு வச்சிருக்கோம்.”

அங்கேயே ஒரு தாளை வாங்கி, ‘இதர: ஆயில் எஞ்சின் பழுது நீக்குதல்’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு வரிப் பட்டியல். அதை எழுத எட்டு வருடம், நான்கு மாதம், ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

ஜூலை 30ஆம் தேதி பெக்காவின் வேலை உத்தரவு கையெழுத்தாயிற்று. மனு முடியாத வரைக்கும் அவர் வந்ததாகாது என்று அதுவரை ‘இல்லை’யே போய்க்கொண்டிருந்தது; அடுத்த ஐந்தாம் தேதி அறிக்கையில் பதினான்கு கட்டங்களில் ஆறில் ‘ஒன்று’ என்று அடிக்க வேண்டியிருந்தது. பெத்துராஜ் சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த ஒன்றுகளைப் பார்த்திருந்தார். இதற்குச் சரி போடலாமா என்று விதியில் எங்கும் இல்லை. மெட்ராஸிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. எட்டு வருடமாக அயலாரே இல்லாதிருந்த வட்டத்தில் திடீரென்று ஒருவர் முளைத்தது எப்படி, இதுவரை அவர் எங்கே ஒளித்துவைக்கப்பட்டிருந்தார் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பாராட்டிதழைத் திருப்பி அனுப்பும்படியும் சொல்லியிருந்தார்கள்.

கோமதிசங்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்தார். வேட்டிதான் கட்டியிருந்தார். பெக்கா ஒரு எஞ்சினின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கோமதிசங்கர் உட்காரவில்லை. ரோட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல, வீட்டு விஷயம். எம்மக பேங்க் பரீட்சை எழுதப்போறா. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் சார் வந்து அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தா நல்லாயிருக்கும்.”

பெக்கா கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். “சார், எனக்குத் தகுதி இல்லன்னு உங்க ஆபீஸ்லதான எழுதிக் குடுத்திய.”

“அது இந்த வட்டத்து சனங்களுக்கு,” என்றார் கோமதிசங்கர். “எம்மக மதுரையில ஹாஸ்டல்ல படிச்சவ.”

உச்சிமாகாளி பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த இன்னொரு எஞ்சினிடம் போய்க் கைப்பிடியைச் செருகி, இரண்டு கையாலும் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். புது நாசில். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கோமதிசங்கர் மேற்கொண்டு பேசிக்கொண்டுதான் இருந்தார், வாய் அசைந்தது. ஐந்து குதிரைச்சக்தி எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்பதில்லை.